அடிக்கிற கதவு

மருதம்மாள் அந்த ஸ்பிரிங் கீலுக்கு ஆசைப்பட்டது ஆட்டுக்குப் பயந்துதான், ஜப்பான்காரனுக்குப் பயந்து அல்ல. ஜப்பான்காரனுக்கு லயத்து வரிசை வீடுகள் மொத்தமுமே பயந்து கிடந்தன. அதற்கு ஒரு கீல் என்ன செய்துவிடும்?

ஆடு பக்கத்து வீட்டுக் குழந்தைவேலுவுடையது. நல்ல கறுப்பில் நெற்றியில் மட்டும் வெள்ளை விழுந்த கிடா. அவன் பெண்டாட்டி அழகம்மா ஒருவழியாக முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் தோட்டத்து முனியாண்டவருக்கு நேர்ந்துவிட்டது. பிள்ளை பிறந்ததும் அப்பன் கையாலேயே வெட்டிப் படைப்பதாக வேண்டுதல். சாமிக்கு விட்ட கிடாயைக் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, தின்பதைப் பிடுங்கக் கூடாது. மனிதர்கள் கோணித் துணியைச் சுற்றிக்கொண்டு மரவள்ளிக் கிழங்குக்கு அல்லாடிய அந்தக் காலத்தில் அந்த லயத்தில் வயிறு நிறைந்த ஒரே ஜீவன் அதுதான். பசியில் கண் இருண்டவன்கூட அதன் மேல் கை வைக்கவில்லை. முனியாண்டவர் சும்மா விடமாட்டார்.

பாடாங் மேஹாவிலிருந்து உள்ளே தள்ளிப் போகவேண்டும் அந்தத் தோட்டத்துக்கு. வெள்ளைக்காரத் துரை இரவோடு இரவாகக் காரை எடுத்துக்கொண்டு ஓடிய பிறகு ரப்பர் மரத்தில் பால் வெட்ட ஆளைக் கூப்பிடுவாரில்லை. கித்தா மரங்களுக்கு நடுவே மண்ணைக் கிளறி மரவள்ளி நட்டார்கள். காலையில் அவித்த கிழங்கு, மத்தியானம் அதையே இடித்துத் தட்டிய ரொட்டி, சாயங்காலம் அதன் இலையைக் கடைந்த கீரை. உப்பு கிடைத்தால் அன்றைக்கு விருந்து. மருதம்மாளின் மகள் பிரேமாவதிக்குக் குளிர்காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. அந்தப் பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சவென்று புருஷன் முனியாண்டி, கல்யாணத்துக்கு வந்த பித்தளைக் குடத்தை மலாய்க்காரர்கள் கிராமமான கம்பத்தில் கொடுத்துவிட்டு ஒரு சின்ன முடிச்சு அரிசி வாங்கி வந்திருந்தான்.

அந்த அரிசியில் காய்ச்சிய முதல் கஞ்சியை ஆற வைத்துவிட்டு அவள் தண்ணீர் பிடிக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் குசினிக்குள் கிடா நிற்கிறது. சட்டி பளிச்சென்று இருக்கிறது. தாடியில் ஒரு பருக்கை.

"அடப் பாவி மாடே!" என்று கத்தினாள். ஆட்டை மாடென்றுதான் திட்ட வந்தது, அவ்வளவு ஆத்திரம்.

குழந்தைவேலு வேலிக்கு அந்தப் பக்கம் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு சிரித்தான். அவளை மதினி முறை வைத்துக் கேலி பண்ணாமல் அவனுக்கு ஒரு பொழுது போகாது.

"மதினி, சாமிக் கிடா குடிச்சா புண்ணியம் ஒனக்குத்தான். பாரேன், பிரேமாக்குட்டி காய்ச்சல முனியாண்டவரு அப்பிடியே தூக்கிருவாரு."

"தூக்குவாரு, தூக்குவாரு. மொதல்ல ஒன் வாயத் தூக்கச் சொல்லு. ஒரு முடிச்சு அரிசிக்கு எங்க வீட்டுக் கொடம் போச்சு தெரியுமாடா?"

"கதவச் சாத்திட்டுப் போவேண்டியதுதான?"

அதுதான் முடியாது. பகலில் குசினிக் கதவைத் தாழ்ப்பாள் போடக் கூடாது என்று லயத்தில் பேசி வைத்திருந்தார்கள். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று கூலிம் பக்கமிருந்து சேதி வந்த நாளிலிருந்து அப்படி. லோரி முன்பக்கம் வந்து நிற்கும்போது ஆம்பளைகள் பின்பக்கமாகக் கித்தா நிரைக்குள் ஓடவேண்டும். தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டு நிற்க நேரம் இருக்காது. சத்தமும் வரக்கூடாது. அதற்காக எல்லாக் கீலுக்கும் தேங்காயெண்ணெய் விட்டார்கள். தலைக்கு இல்லாத எண்ணெய் கதவுக்குப் போயிற்று. தகர வாளியைக்கூட யாரும் பின்பக்கம் வைப்பதில்லை.

ஆகவே தாழில்லாமல் மூடியிருக்கிற கதவு வேண்டும். அதற்குத் தச்சு வேலை பார்க்கும் பிச்சையைத்தான் பிடிக்கவேண்டும். துரை பங்களாவில் கொசுவலைக் கதவுகளுக்குப் போட்டிருந்த ஸ்பிரிங் கீல்களை அவர் கழற்றி வைத்திருந்தார்.

"துரை ஓடுனாரு, நான் கழட்டுனேன். ஜப்பான்காரனுக்கு எதுக்கு ஸ்பிரிங்கு? அவன் ஒதைச்சில்ல கதவத் தொறக்கறான்" என்று சொல்லிக்கொண்டே பிச்சை வந்து உட்கார்ந்தார். கூலி, ஒரு கூடை கிழங்கு.

மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கீல். பார்க்க மூங்கில் குழாய் மாதிரி இருந்தது. உள்ளே ஸ்பிரிங் சுருண்டிருக்கிறது. தலைப்பக்கம் சுற்றிலும் சின்னச் சின்னத் துளை. அதைப் பிச்சை கண்ணு என்றார். ஒரு கண்ணில் கம்பியை விட்டுத் திருகி, ஸ்பிரிங் இறுகியதும் அடுத்த கண்ணில் முளையைச் செருகிவிட்டால் அப்படியே நிற்கும். மருதம்மாள் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்தாள்.

"மெதுவாத் திருகணும் தங்கச்சி. கம்பி வழுக்குச்சு, வெரலு பேந்துரும். இந்தா, ரெண்டு கண்ணு வச்சிருக்கேன். பூன நடக்கற மாதிரி மூடும் பாரு."

கதவைத் தள்ளிவிட்டார். அது தானாகத் திரும்பி வந்து, நிலையில் பட்டதும் பெருமூச்சு விட்டாற்போல் நின்றது.

"இன்னும் கொஞ்சம் இறுக்குனா என்னண்ணே? கிடா முட்டுனா தொறந்துக்காது?"

"இறுக்கலாம். அப்புறம் அடிக்கும். தொரைசாணி அப்பிடித்தான், கொசு வருது கொசு வருதுன்னு இறுக்கச் சொன்னா. அடிச்ச அடியில சொவத்துல இருந்த ராசா படம் கீழ வந்துருச்சு. இங்க என்ன பேசி வச்சிருக்கோம்? சத்தம் ஆவாது. இதுக்கு மேல தொடாத, சொல்லிப்புட்டேன்."

"நான் ஏன் தொடறேன்?" என்றாள் மருதம்மாள்.

ஒரு வாரம் கிடாய்க்கு விவரம் புரியவில்லை. அப்புறம் புரிந்துவிட்டது. நெற்றியை வைத்து அழுத்தினால் கதவு வழிவிடுகிறது. உள்ளே போய், பிள்ளைக்கு வைத்திருந்த கஞ்சியை மறுபடியும் குடித்துவிட்டு, போகிற போக்கில் காய வைத்திருந்த கிழங்குச் சீவலையும் மென்றுவிட்டுப் போயிற்று. பிள்ளை பாயில் கிடந்தபடியே, "அம்மா, ஆடு குடிச்சிருச்சு" என்றது. அதற்குக் கையை ஓங்கக்கூடத் தெம்பில்லை.

மருதம்மாள் ஒரு நீள ஆணியை எடுத்தாள். பிச்சை செய்த மாதிரியே கண்ணில் விட்டுத் திருகினாள். ஒரு கண்ணு. ஆத்திரம் தீரவில்லை. இன்னொரு கண்ணு. கீழ்க் கீலுக்கும் அதே மாதிரி. ஆணி வழுக்கிப் பெருவிரல் நகம் கன்றிப் போனதையும் அவள் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் கிடா வந்து நெற்றியை வைத்து முட்டியது. கதவு கொஞ்சம் திறந்து, தலை நுழைந்ததும் திருப்பி ஒரு போடு போட்டது பாருங்கள், கிடா 'மே' என்று அலறிக்கொண்டு பின்னால் விழுந்தது. கதவு 'படார்' என்று நிலையில் மோதியது. லயம் முழுக்கச் சிரித்தது. அழகம்மா மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா, சாமிக் கிடாக்கா. என் வயித்துல இருக்கறதுக்கு விட்டது."

"சாமிக் கிடாயின்னா கதவத் தட்டிட்டு வரச் சொல்லு புள்ள. நாங்க வேணாம்னா சொல்றோம்?"

முனியாண்டி சாயங்காலம் கிழங்குக் காட்டிலிருந்து வந்ததும் கதவைத் திறந்து விட்டுப் பார்த்தான். படார்.

"ஏ புள்ள, என்னா இது? பட்டாசு மாதிரி அடிக்குது. எறக்கி வையி."

"வைக்கறேன், வைக்கறேன்."

"இப்பவே வையி."

"ஆத்தாடி, லோரி என்ன வாசல்லயா நிக்குது? கிடாய்க்குப் புத்தி வரட்டும், எறக்கிடறேன். லோரி வந்தா நான் கையால புடிச்சுக்க மாட்டேனா?"

அவள் இறக்கவில்லை. மறந்தாள் என்று சொல்ல முடியாது. அந்தச் சத்தத்தில் அவளுக்கு ஒரு ருசி தட்டியிருந்தது. கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, வாயைத் திறந்து ஒன்றும் சொல்லக் கூடாது என்று ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்ட கிடாயை அவள் வீட்டுக் கதவு அடித்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் வயிற்றில் கொஞ்சம் குளிர்ந்தது. பின்னாளில் அவளைத் தின்றதும் அந்தக் குளிர்ச்சிதான்.

லோரி வந்த அன்று காலையிலிருந்தே தூறல். தகரக் கூரையில் மழைச் சத்தம் போட்டதில் இஞ்சின் சத்தம் யாருக்கும் காதில் விழவில்லை. முன்பக்கம் பூட்ஸ் சத்தம் கேட்டபோதுதான் தெரிந்தது. முனியாண்டி ஒரே தாவாகக் குசினிக்குப் போனான். மருதம்மாள் பின்னாலேயே ஓடிக் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அவன் வெளியே இறங்கி, வாய்க்காலைத் தாண்டி, மரவள்ளிக்குள் புகுந்து, கித்தா நிரைக்குள் மறைவது வரை பிடித்துக்கொண்டே நின்றாள். ஸ்பிரிங் இழுத்த இழுப்புக்குக் காலை நிலையில் ஊன்றிக்கொண்டாள்.

லயத்தின் கோடியில், குளிக்கிற தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு சிப்பாய் பின்பக்கத்தைக் காவல் காத்து நின்றான். மழைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டிருந்தான். அந்தச் சமயம் பார்த்துக் குழந்தைவேலு தன் குசினியிலிருந்து இறங்கினான். குனிந்தபடி வாய்க்காலை நோக்கி வந்தான். மருதம்மாளைக் கண்டு, உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, அந்த நேரத்திலும் ஒரு சிரிப்புச் சிரித்தான்.

முன்கதவை உதைத்துத் திறந்தார்கள். உள்ளே பிரேமாவதி, "அம்மா!" என்று வீறிட்டாள். மருதம்மாள் கதவை விட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

படார்.

பிள்ளையை வாரி எடுத்த பிறகுதான் அந்தச் சத்தம் அவளுக்குள் இறங்கியது. கூடவே பின்பக்கம் ஜப்பான் பாஷையில் ஒரு கத்தல். ஓடுகிற பூட்ஸ். அப்புறம் குழந்தைவேலுவின் குரல், "அடிக்காதீங்க, வரேன், வரேன்."

அவனையும் இன்னும் சிலரையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். லோரியின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடிய அழகம்மாவை மற்ற பெண்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கிடா மழையில் நனைந்தபடி வழியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

இருட்டியதும் முனியாண்டி வந்து சேர்ந்தான். கதவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அடிச்சது நம்ம கதவா?"

அவள் பாயில் கிடந்த பிள்ளைக்குத் துணியைப் போர்த்தினாள்.

"எறக்கச் சொன்னேனே புள்ள."

"பிள்ள கத்துச்சு..."

"வெளிய வாயத் தொறக்காத. எல்லா வூட்டுக் கதவையும்தான் ஒதைச்சானுங்க. யாருக்கும் தெரியாது." சுவரைப் பார்த்துக்கொண்டு, "குழந்தவேலு எனக்குப் பின்னாலதான வந்தான்" என்றான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

யாருக்கும் தெரியாதுதான். உதைத்த கதவுகளுக்கு நடுவில் அடித்த கதவை யார் பிரித்துக் கேட்டார்கள்? மறுநாளிலிருந்து முனியாண்டி தன் கிழங்குக் காட்டுக்கு முந்திக் குழந்தைவேலுவின் காட்டில் களை எடுத்தான். லயத்தார், "முனியாண்டிக்கு எவ்வளவு பெரிய மனசு" என்றார்கள். அதைக் கேட்ட மருதம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குப் போனாள். அவள் கீலை இறக்கிவிட்டாள், பிச்சை வைத்த அதே ரெண்டு கண்ணுக்கு. கதவு இப்போது பூனை மாதிரி மூடியது. கிடா மறுபடி உள்ளே வந்தது. அவள் அதை விரட்டவில்லை. தன் பங்குக் கிழங்கையே எடுத்து முன்னால் வைத்தாள். அது தின்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அழகம்மா சாப்பிடாமல் கிடந்தாள். கிழங்கு கொடுத்தால் ஏதோ கடித்தாள். கஞ்சி என்றால் வாயை இறுக மூடிக்கொண்டாள். முகம் வெளுத்து, கால் வீங்கி, வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. பிரசவம் பார்க்கும் காளியம்மா கிழவி வந்து தடவிப் பார்த்துவிட்டு மருதம்மாளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இப்பிடியே கெடந்தா தாயும் தேறாது, பிள்ளையும் தேறாது. நீதான பக்கத்து வூடு. எப்பிடியாவது ரெண்டு வாய் கஞ்சிய ஊத்து."

மருதம்மாள் பிள்ளைக்கு வைத்திருந்த அரிசியில் பாதியை எடுத்தாள். உப்புப் போட்டுக் காய்ச்சிக் கொண்டு போனாள்.

"குடி புள்ள. பச்சத் தண்ணி மாதிரி காய்ச்சியிருக்கேன்."

"வேணாங்க்கா."

"வயித்துல இருக்கற உசுரு என்ன பாவம் பண்ணுச்சு?"

அழகம்மா அந்தச் சட்டியையே பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"கஞ்சியாலதாங்க்கா அவரு போனாரு. அன்னிக்கு பூட்ஸ் சத்தம் கேட்டதும் எந்திரிச்சாரு. நாந்தான் கையப் புடிச்சு இழுத்தேன். ராத்திரியும் ஒண்ணும் திங்கல, இந்த ஒரு வாய முழுங்கிட்டு ஓடுங்கன்னேன். வாயில ஊட்டுனேங்க்கா. அந்த ஒரு வாய்க்கு நின்னாரு. நிக்காம போயிருந்தா முனியாண்டி அண்ணன் மாதிரி நெரைக்குள்ள போயிருப்பாரு. புருசனுக்குக் கஞ்சி ஊட்டி சயாமுக்கு அனுப்புனவ நான். எந்த வாயால இதக் குடிப்பேன்?"

மருதம்மாளுக்குச் சட்டி சுட்டது. கீழே வைத்தாள். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. லயத்தில் எல்லார் முகமும் கண்முன் வந்தது. முனியாண்டி முகம் வந்தது. "அப்பிடியெல்லாம் நெனைக்காத புள்ள" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். கன்றிப் போயிருந்த பெருவிரல் நகம் அப்போதுதான் கழன்று விழுகிற பருவத்தில் இருந்தது. அதைப் பார்த்தாள். தான் பண்ணியதை இன்னொருத்தி தூக்கிச் சுமக்கிறாள். அதுவும் வயிற்றுப் பிள்ளையோடு சேர்த்துச் சுமக்கிறாள். இவள் சும்மா இருக்க இருக்க அது கனத்துக்கொண்டே போகும். முனியாண்டி வந்ததும் சொன்னாள்.

"நான் சொல்லப் போறேன்."

"பைத்தியமா? அவ மொகத்துல நாளைக்கு எப்பிடி முழிப்ப?"

"இன்னிக்கு எப்பிடி முழிக்கறேன்?"

அவன் பாராங்கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தான். பிறகு தீட்டுவதை நிறுத்தினான். "போ" என்றான்.

மருதம்மாள் போனாள். அழகம்மாவின் எதிரில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கிடாய்க்காக இறுக்கியது, பிச்சை வேண்டாம் என்றது, புருஷன் இறக்கச் சொன்னது, இறக்காமல் விட்டது, பிள்ளை கத்தியது, கையை விட்டது எல்லாவற்றையும்.

"சிப்பாய் அந்தப் பக்கந்தான் பாத்துக்கிட்டு நின்னான் புள்ள. ஒன் கஞ்சிக்கு நின்னதால ஒண்ணும் ஆகல. ஒன் புருசன் சரியான நேரத்துலதான் எறங்குனான். பாதி தூரம் வந்துட்டான். என் கதவு அடிச்சுது. சிப்பாய் திரும்பிட்டான். நீ இல்ல புள்ள. நான்."

அழகம்மா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று மருதம்மாள் காத்திருந்தாள். அப்படிச் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கடைசியா நீங்கதான் பாத்தீங்களா?" என்றாள் அழகம்மா.

"ஆமா."

"எப்பிடி இருந்தாரு?"

"சிரிச்சான்."

அழகம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "போங்க்கா" என்றாள்.

அதன் பிறகு பல நாள் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. ஆனால் மருதம்மாள் காளியம்மா கிழவி கையில் கொடுத்து அனுப்பிய கஞ்சிச் சட்டி காலியாகத் திரும்பி வந்தது. அழகம்மா லயத்தில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது மருதம்மாளுக்கு இன்னும் வலித்தது.

ஒரு நாள் காலையில் பிச்சை திருப்புளியோடு வந்து நின்றார். பின்னால் அழகம்மா.

"தங்கச்சி, இந்தப் புள்ள ஒன் வூட்டு ஸ்பிரிங் கீலக் கேக்குது. கழட்டட்டுமா? இதுக்கு எதுக்கு ஸ்பிரிங்குன்னு கேட்டா பேச மாட்டேங்குது."

"கழட்டுங்கண்ணே" என்றாள் மருதம்மாள். காரணம் கேட்கும் உரிமை தனக்கில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

பிச்சை கழற்றி எடுத்துப் போய் அழகம்மாவின் முன்வாசல் கதவில் பூட்டினார். மருதம்மாள் கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். கம்பியை விட்டுத் திருகி முளையைச் செருகினார்.

"ரெண்டு கண்ணு. போதும்."

"இன்னும் இறுக்குங்கண்ணே" என்றாள் அழகம்மா.

"அடிக்குமே, புள்ள."

"அடிக்கட்டும்."

"லயத்துல சத்தம் ஆவாதுன்னு..."

"என் வூட்டுலருந்து ஓடறதுக்கு இனி ஆம்பள இல்லண்ணே. இறுக்குங்க. நான் குசினில இருப்பேன், கெணத்தடில இருப்பேன், பிள்ளையப் பாத்துக்கிட்டுக் கெடப்பேன். அவரு வந்து நொழைஞ்சா எனக்குக் கேக்கணும்."

பிச்சை மருதம்மாளைப் பார்த்தார். அவள் கன்றிய விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அவருக்கு என்ன புரிந்ததோ, இன்னும் ஒரு கண்ணு, இன்னும் ஒரு கண்ணு என்று திருகினார்.

மழைக்காலம் முடியும் தறுவாயில் அழகம்மாவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. கிடாயை வெட்டவில்லை. அப்பன் கையால் வெட்டுவதாகத்தானே வேண்டுதல். அது இரண்டு வீட்டிலும் தின்று, கொழுத்து, இஷ்டத்துக்குத் திரிந்தது. சயாமிலிருந்து ஒரு சேதியும் இல்லை.

மருதம்மாள் தினம் ஒரு சட்டி கஞ்சியோ, அவித்த கிழங்கோ கொண்டு போவாள். முதல் நாள், கதவு அடித்துவிடாமல் முதுகால் தாங்கி, மெதுவாக மூட வைத்தாள். அழகம்மா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சொன்னாள், "புடிக்காதீங்க்கா. அதுபாட்டுக்கு அடிக்கட்டும். சத்தம் வராம வந்தா நான் எப்பிடித் தெரிஞ்சுக்கறது?"

அதிலிருந்து மருதம்மாள் கதவைப் பிடிப்பதில்லை. இரண்டு கையாலும் சட்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைவாள். பின்னால் கதவு படாரென்று அடிக்கும். குசினிக்குள்ளிருந்து அழகம்மா தலையைச் சட்டென்று தூக்கி வாசலைப் பார்ப்பாள். அந்த ஒரு கணம் அவள் முகம் முழுக்க விளக்கு ஏற்றியது மாதிரி இருக்கும்.

பிறகு, வந்திருப்பது மருதம்மாள் என்று தெரியும்.

"வாங்க்கா" என்பாள்.